ஒன்றரைச் சுற்று

பெரம்பலூர் துறைமங்கலத்தில் இருக்கும் பழனிவேலின் கடைக்கு நான் முதலில் போனது 2012-இல். நான் கால்நடை மருத்துவர். ஊர் ஊராகக் காரில் அலையும் பிழைப்பு. வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று சொன்னேன். அவர் என் காரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நான்கு சக்கரங்களிலும் அளவு பார்க்கும் தட்டுகளை மாட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் திரை முன்னால் போய் நின்றுகொண்டார். திரையில் முன் சக்கரங்கள் இரண்டும் சிவப்பாக இருந்தன. காருக்கு அடியில் இறங்கி எதையோ திருகினார். சிவப்பு பச்சையாக மாறியது.

"பச்சை வந்துடுச்சு சார். இனிமே வண்டி நேராப் போவும்" என்றார்.

போயிற்று. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை அவரிடம் போவேன். வேலை முடிவதற்குள் ஒரு டீ குடித்து, கொஞ்சம் பேசிக்கொண்டிருப்போம். அப்படிப் பேசிப் பேசித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியவந்தது. நடந்தபோது அவர் சொல்லவில்லை. வெகு நாள் கழித்து, நானாகக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். பெயரோடு எழுதுங்கள் என்றார்.

பழனிவேலின் சொந்த ஊர் ரஞ்சன்குடி. பதினேழு வயதில் நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். லாரி டயரைக் கடப்பாரையால் கழற்றிக் கழற்றி, தோள்கள் வயதுக்கு மீறி அகலமாகிவிட்டன. கம்ப்யூட்டர் மெஷின் வைத்து அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் சரியான திசையில் நிற்கின்றனவா என்று, பார்க்கும் கடை பெரம்பலூரில் தன்னுடையதுதான் முதலில் வந்தது என்று சொல்வார். டாக்ஸி ஸ்டாண்டு முழுக்க அவரிடம்தான் வந்தது. கடைக்கு மனைவி பெயரை வைத்திருந்தார்: கண்ணகி வீல் அலைன்மெண்ட்.

கண்ணகியின் பிறந்த வீடு திருமழபாடி. அவள் அப்பா காசிநாதன் கொள்ளிடக் கரையில் நெல் விவசாயம் செய்பவர். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். கண்ணகி மூத்தவள். இளையவள் ஜெயசித்ராவுக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒன்பது வருடங்கள் அந்த வீட்டுக்கு ஒரே மருமகன் பழனிவேல்தான். பம்பு செட் வாங்குவதானாலும் வரப்புத் தகராறு என்றாலும் காசிநாதன் முதலில் போன் போடுவது அவருக்கு. அந்த ஒன்பது வருடங்களைப் பற்றிப் பேசும்போது பழனிவேலின் குரல் இறங்கிவிடும்.

ஜெயசித்ராவைக் கட்டியவர் குருமூர்த்தி. கங்கைகொண்ட சோழபுரத்து முந்திரிக் காட்டுக் குடும்பம். சென்னைக்கு அப்பால், புது வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ரோடு போட்டு வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். இன்ஜினியர்கள் ஓட்டிவிட்டு வந்து, திரும்பும்போது வண்டியின் முன்பக்கம் பிந்துகிறது, பிரேக்கில் பின்பக்கம் ஆடுகிறது என்று சொல்வார்கள். குருமூர்த்தி சக்கரத்தின் சாய்வை மாற்றுவார், திசையை மாற்றுவார், ரிம்மை மாற்றுவார். மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். பத்து வருடம் அவருக்கு அதுதான் வேலை. சகலை தூரத்தில் இருந்தவரை பழனிவேலுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. தீபாவளிக்கு வந்தால் இரண்டு பேரும் ஒன்றாக ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள்.

2021-இல் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குருமூர்த்தி அரியலூருக்கு வந்து, ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அலைன்மெண்ட் கடை ஆரம்பித்தார். திறப்பு விழாவுக்குப் பழனிவேல் பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். கடையைச் சுற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் மெஷின் இல்லை. பழைய மாடல் அளவு கருவி ஒன்று, நீளமான இரும்பு ஸ்கேல், நூல்கண்டு, தரையில் மட்டம் பார்த்துப் பதித்த நான்கு கல். திரும்பி வரும்போது அவருக்கு மனசு லேசாக இருந்ததாம். "ஆறு மாசம் தாங்காதுன்னு நெனச்சேன் சார். அவனுக்காக வருத்தப்படக்கூட செஞ்சேன். அந்த வருத்தம் நல்லாத்தான் இருந்துச்சு."

ஆறு மாதம் முடிவதற்குள் ராஜதுரை விஷயம் நடந்தது.

ராஜதுரை, பெரம்பலூர் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுபவர். பத்து வருடமாகப் பழனிவேலின் வாடிக்கை. சொந்தக் காருக்குப் புதிதாக அகல அலாய் ரிம் வாங்கி மாட்டினார். பார்க்க அழகாக இருந்தது. டயர்கள் பாடிக்கு வெளியே லேசாகத் துருத்திக்கொண்டு நின்றன. மாட்டிய நாளிலிருந்து அரியலூர் ரோட்டில் வண்டி தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது. சிமெண்ட் லாரிகள் ஓடி ஓடி அந்த ரோட்டில் சில இடங்களில் வாய்க்கால் மாதிரி தடம் விழுந்திருக்கும். கார் அந்தத் தடத்துக்குள் இறங்கினால் மேலே ஏற மறுத்தது. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுத்தது. பிரேக் போட்டால் ஒரு பக்கம் வெட்டியது. எண்பதுக்கு மேல் போனால் நடுக்கம்.

பழனிவேல் மூன்று முறை மெஷினில் ஏற்றினார். மூன்று முறையும் நான்கு சக்கரமும் பச்சை. வண்டி சரியாகத்தான் இருக்கிறது, ஓட்டுகிற கைதான் பழகவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் ராஜதுரை சவாரிக்கு அரியலூர் போனவர், குருமூர்த்தியின் கடையைப் பார்த்து உள்ளே விட்டார். குருமூர்த்தி முதலில் பக்கத்தில் உட்கார்ந்து ராஜதுரையை ஓட்டச் சொன்னாராம். அப்புறம் தானே ஓட்டினாராம். திரும்பி வந்து ரிம் ஒன்றைக் கழற்றி, போல்ட் போடும் தட்டிலிருந்து விளிம்புவரை ஸ்கேல் வைத்து அளந்தார். வண்டியின் பழைய ரிம் டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடந்தது. அதையும் எடுத்து அளந்தார். புது ரிம், டயரை இரண்டரை சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிறுத்துகிறது என்றார்.

பெரம்பலூருக்குத் திரும்பி வந்த ராஜதுரை, நல்லெண்ணத்தோடு அதை அப்படியே பழனிவேலிடம் ஒப்பித்தார். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சு தரையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் டயரின் நடுப்பகுதி நிற்க வேண்டும். வெளியே தள்ளிவிட்டால், கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் விளிம்பில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். விளிம்பில் தள்ளினால் ஒரு விரலுக்கே கதவு நகரும். அதுபோல ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் ஸ்டீயரிங்கை நகர்த்தும். மெஷின் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றுதான் சொல்லும். எவ்வளவு வெளியே நிற்கிறது என்று சொல்லாது. நடுக்கத்துக்குக் காரணம் வேறு. ரிம்மின் நடு ஓட்டை, அச்சு முனையில் அது பொருந்த வேண்டிய மொட்டைவிடப் பெரியது, அதனால் ரிம் நடுவில் உட்காராமல் போல்ட்டில் தொங்குகிறது.

"பழைய ரிம்ம மாட்டிட்டேன் பழனி. வெண்ணெ மாதிரி போவுது" என்றார் ராஜதுரை. "உங்க சகலை காசுகூட வாங்கல. எங்கண்ணன் கடைலேருந்து வந்த வண்டின்னு சொல்லிட்டாரு."

பழனிவேல் சிரித்துக்கொண்டே நின்றார். குருமூர்த்தி தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். காசு வாங்கியிருந்தால் குறை சொல்லலாம். இரண்டுக்கும் வழி இல்லாமல் செய்துவிட்டான். மூன்று முறை மெஷினில் ஏற்றிய வண்டியை ஒருமுறைகூடத் தான் ஓட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது உறைத்ததற்காகவும் குருமூர்த்தி மேல்தான் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் இருந்த இருப்பை அவர் சொல்லித்தான் நான் நம்பினேன். சாப்பிடும்போது போனில் குருமூர்த்தியின் கடைக்கு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பார். இவர் கடைக்கு நான்கு நட்சத்திரம் சொச்சம். அவன் கடைக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. 'பொறுமையாகக் கேட்கிறார்' என்று யாரோ எழுதியிருந்ததை எத்தனை முறை படித்தார் என்று அவருக்கே கணக்கில்லை. புது அபிப்பிராயம் எதுவும் வராத நாளில் நன்றாகத் தூங்குவார்.

மாதத்துக்கு இரண்டு முறை ஏதாவது சாக்குச் சொல்லி, தன் பைக்கைக் கடையிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் அரியலூர் போவார். அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி, குருமூர்த்தியின் கொட்டகை தெரியும் பக்கமாக ஜன்னல் ஓரம் உட்காருவார். கொட்டகை வாசலில் நிற்கும் கார்களின் நம்பர் பலகையை எண்ணுவார். அரியலூர் வண்டி என்றால் 61. பெரம்பலூர் வண்டி என்றால் 46. அறுபத்தொன்றுகள் எத்தனை நின்றாலும் அவருக்கு ஒன்றுமில்லை. நாற்பத்தாறு ஒன்று நின்றாலும் அது யாருடையது என்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்காது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து, இன்னொரு முறை பார்த்துக்கொண்டே திரும்புவார்.

கண்ணகி ஒருமுறை கேட்டாளாம், அரியலூரில் அப்படி என்ன வேலை என்று. ஸ்பேர் பார்ட்ஸ் என்று சொன்னார்.

2023-இன் தொடக்கத்தில் காசிநாதன் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் கார் வாங்கினார். அறுபத்திரண்டு வயதில் டிரைவிங் கற்று லைசென்ஸ் எடுத்தவர். வண்டி வாங்கிய செய்தியைப் பழனிவேலிடம் சொன்னார். வண்டியைக் குருமூர்த்தியிடம் விட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்பதையும் அதே மூச்சில் சொன்னார். திருமழபாடிக்கு அரியலூர் பக்கம், பெரம்பலூர் தூரம். ஆனால் பழனிவேல் தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. மூத்த மருமகன் இதே தொழிலில் இருக்கும்போது இளையவனிடம் வண்டி போயிருக்கிறது. அதை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்.

பங்குனியில் திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழா. வருடா வருடம் குடும்பம் முழுக்கக் கூடும். பழனிவேலும் கண்ணகியும் முதல் நாளே பைக்கில் போய்விட்டார்கள். ஜெயசித்ராவும் குருமூர்த்தியும் மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் காசிநாதன் மூத்த மருமகனைக் காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினார். கீழே ஓடும் ரோட்டையே உணராத மாதிரி வண்டி போயிற்று. திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வந்து நின்றது.

"சின்ன மாப்ள கை பட்டதுலேருந்து குழந்த மாதிரி போவுது பாருங்க" என்றார் காசிநாதன்.

பழனிவேல் "ஆமா மாமா" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணி. காசிநாதன் வயலுக்குப் போயிருந்தார். மாமியார் வீராயி பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். ஹாலில் ஆணியில் கார் சாவி தொங்கியது. ஸ்டீயரிங் பூட்டை விடுவிக்க அதை எடுத்துக்கொண்டு, பைக்கின் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, வண்டி நின்ற கொட்டகைக்குப் பழனிவேல் போனார்.

அவர் செய்ய நினைத்தது பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் அப்போது அவருக்குத் தோன்றியது. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு முன் சக்கரங்களுக்கும் தலா ஒரு இரும்புத் தண்டு போகும். டை ராட் என்பார்கள். அதைத் திருகினால் சக்கரம் பார்க்கும் திசை மாறும். நாம் கால் விரல்களை லேசாக உள்ளே திருப்பி நின்றால் நிலை இருக்கும். வெளியே விரித்துக்கொண்டு ஓடினால் தடுமாறும். வண்டியும் அப்படித்தான். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெளியே திருப்பிவிட்டால், வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் அலையும். மாமனார் இரண்டு நாளில் முகம் சுளிப்பார். குருமூர்த்தியின் கை சரியில்லை என்பார். அப்போது மூத்தவர் பெரம்பலூருக்கு வண்டியைக் கொண்டுபோய், பச்சை வரவைத்துக் கொடுப்பார்.

வலது பக்கம், தண்டைத் திரும்பவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தினார். தண்டை அரைச் சுற்று திருகுவதாகத்தான் திட்டம். அரைச் சுற்று முடிந்ததும் கை நிற்கவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஓடிடுச்சு சார். அவன் மொகத்த நெனச்சுக்கிட்டே திருவுனேன்." ஒன்றரைச் சுற்று ஆகியிருந்தது. அந்த அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் திரும்பினால் அது அலைகிற வண்டி இல்லை, எந்த நேரமும் பாய்கிற வண்டி. அவருக்கே அது தெரிந்தது. திருப்பி வைக்கலாம் என்று நினைக்கும்போது வீராயி கொட்டகைப் பக்கம் வரும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை காப்பி குடிக்கவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பழனிவேல் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். நட் தளர்ந்தபடியே இருந்தது. காப்பி குடித்துவிட்டு, குளிக்கப் போகிற சாக்கில் வந்து சரிசெய்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டார்.

காப்பி குடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரப் பேச்சு. பேச்சு முடிந்து கொட்டகைக்குப் போனால் கார் இல்லை.

காசிநாதன் வயலிலிருந்து நேராகக் கொட்டகைப் பக்கமாகவே வந்து, சாவி வண்டியிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, பூவும் காய்கறியும் வாங்கக் கீழப்பழுவூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். கூடக் கண்ணகி.

பழனிவேல் கண்ணகிக்குப் போன் போட்டார். மணி வீட்டுக்குள் அடித்தது. போன் சார்ஜில் கிடந்தது. காசிநாதனுக்குப் போட்டார். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று டிரைவிங் ஸ்கூலில் சொன்னதை அவர் வேதமாக வைத்திருப்பவர். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

கீழப்பழுவூரை நெருங்க நெருங்க லாரிகள் வரும். வண்டி வலது பக்கம், எதிரே வருகிற வண்டிகளின் பக்கம் பாயும். காசிநாதன் கைக்கு வெறும் மூன்று மாதப் பழக்கம். பைக்கில் ஒரு கிலோமீட்டர் போனபின் பழனிவேலுக்கு இன்னொன்று தோன்றியது. அந்த நேரத்தில் அரியலூரிலிருந்து கிளம்பி எதிர்ப்பக்கமாக அதே ரோட்டில் வந்துகொண்டிருப்பவன் ஒரே ஒருவன்தான்.

பைக்கை ஓரமாக நிறுத்தினார். குருமூர்த்தியின் பெயரைப் போன் திரையில் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை என்றார் என்னிடம். அவன் எண்ணை அழுத்துவதைவிட அந்த வண்டி எப்படியாவது நல்லபடி போய்ச் சேர்ந்துவிடாதா என்று பார்த்தாராம். அந்த நேரத்திலும் அப்படி யோசித்தேன் சார், அதை மறக்காமல் எழுதுங்கள் என்று சொன்னார்.

அழுத்தினார். குருமூர்த்தி எடுத்ததும், எங்கே இருக்கிறாய் என்று பழனிவேல் கேட்டார். கீழப்பழுவூர் தாண்டிவிட்டதாகச் சொன்னார் குருமூர்த்தி.

"மாமாவோட கார் எதுர்ல வரும். நிறுத்து."

"ஏண்ணே, என்னாச்சு?"

"ரைட் சைடு லாக் நட் லூசா இருக்கு. தண்டு ஒன்றரைச் சுத்து வெளிய போயிருக்கு."

பின்னால் ஜெயசித்ரா ஏதோ கேட்கும் குரல் வந்தது.

"அவ்ளோ கரெக்டா எப்புடித் தெரியும்?"

"நாந்தான் திருவுனேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

பழனிவேல் போய்ச் சேர்ந்தபோது கார் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நின்றது. அதற்கு முன்னால் அரை கிலோமீட்டரில் ஒருமுறை வண்டி நடு ரோட்டைத் தாண்டிப் பாய்ந்து, எதிரே வந்த டவுன் பஸ் சத்தம் கொடுத்து, காசிநாதன் பயந்து வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணகி மரத்தடியில் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஜெயசித்ரா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காசிநாதன் மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தார். குருமூர்த்தி காருக்கு அடியில் படுத்திருந்தார்.

பழனிவேல் பக்கத்தில் போய்க் குனிந்தார். குருமூர்த்தி முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டினார். பழனிவேல் காலையில் பயன்படுத்திய அதே ஸ்பேனரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தார். குருமூர்த்தி தண்டைத் திருப்பினார். ஒன்று, அப்புறம் பாதி. நட்டை இறுக்கினார். வெளியே வந்து, சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். எழுந்து, வண்டியை அவரே சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

என்ன ஆயிற்று என்று காசிநாதன் கேட்டார். பழைய வண்டி, ஒரு நட்டு அதிர்வில் தளர்ந்துவிட்டது, தான் அன்றைக்குச் சரியாக இறுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்றார் குருமூர்த்தி.

அந்த வார்த்தைகள் பழனிவேலின் காதில் விழுந்தன. காலையில் அவர் ஆசைப்பட்டது எதுவோ அதேதான். குருமூர்த்தி கை தப்பு செய்துவிட்டது என்று மாமனார் காதால் கேட்டாயிற்று. ஆனால் அதைச் சொன்னவன் குருமூர்த்தியே. அந்த இடத்தில் நன்றிதான் வந்திருக்க வேண்டும் என்றார் பழனிவேல். வரவில்லை. "இதுலயும் அவன் ஜெயிச்சுட்டான்னுதான் தோணுச்சு. அப்பத்தான் எனக்கு என்னப் பாத்தே பயம் வந்துச்சு சார்."

குருமூர்த்தி அவரிடம் அன்று ஒரே ஒரு முறை பேசினார். சாயங்காலம் கோயில் கூட்டத்தில், நந்திக்கும் அவர் மணக்கும் அம்மைக்கும் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில் சொன்னார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். எப்பன்னு நீங்களே பாத்துக்குங்க."

அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்துக்கும் நடுவே விசேஷ வீடுகளில் சிரிப்பு உண்டு. இரண்டு ஆண்களுக்கும் நடுவே பேச்சு இல்லை.

பழனிவேல் முதலில் கண்ணகியிடம் சொன்னார். பெரம்பலூருக்குத் திரும்பி மூன்று நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது. அவள் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. முழுசும் கேட்டாள்.

"அந்த வண்டில நான் இருந்தேன்" என்றாள்.

"தெரியும்."

"அந்த பஸ் எவ்ளோ கிட்ட வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

அவள் கத்தவில்லை. அழவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போது, போர்டில் இருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். நான் ஒரு நாள் போனபோது போர்டில் வெறும் 'வீல் அலைன்மெண்ட்' என்று இருந்ததும், முன்னால் இருந்த எழுத்துகள் மேல் வெள்ளை அடித்திருந்ததும் அதனால்தான். நான் அதைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாகத்தான் அவர் இவ்வளவையும் சொன்னார்.

காசிநாதனிடம் சொல்ல அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. ஆடியில் தனியாகப் போய், வயலில் வைத்துச் சொன்னார். காசிநாதன் கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே வைத்தார். இனிமேல் வண்டியை நீங்கள் தொட வேண்டாம் மாப்பிள்ளை என்றார். மாப்பிள்ளை என்று சொல்வதை அவர் விடவில்லை. போனால் சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு. ஆனால் ஹால் ஆணியில் தொங்கிய கார் சாவி பீரோவுக்குள் போய்விட்டது.

கண்ணகி அவரோடு முன்போல் பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. போர்டு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அவளிடம் கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

தொழிலில் ஒரு மாற்றம் நடந்தது. வருகிற ஒவ்வொரு வண்டியையும் மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் பழனிவேல் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அரியலூர் ரோட்டில் பேரளிவரை போய்த் திரும்புவார். கையைத் தளர்த்தினால் எந்தப் பக்கம் போகிறது, திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வருகிறதா, பிரேக்கில் எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்ப்பார். அகல ரிம் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் பழைய ரிம்மைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் ஸ்கேலால் அளந்து காட்டுவார். சக்கரம் வெளியே தள்ளியிருக்கிறது, மெஷின் இதைச் சொல்லாது என்பார். யாரிடம் கற்றது என்று கேட்டால் சொல்ல மாட்டார். வாய் வரைக்கும் அந்தப் பெயர் வரும், நின்றுவிடும்.

போன வருடம் மழைக்காலத்தில், அரியலூரிலிருந்து ஒரு கார் அவர் கடைக்கு வந்தது. ஓட்டி வந்தவர், குருமூர்த்தி அனுப்பினார் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். வண்டி பின்னால் ஒருமுறை அடிபட்டது, பின் அச்சு கோணலாக இருக்கும் என்று தோன்றுகிறது, என் கருவியில் பின்பக்கத்தைச் சரியாக அளக்க முடியாது, அளந்து அனுப்பவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துகூட இல்லை. பழனிவேல் அளந்தார். பின் சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் வலப்பக்கம் பார்த்தன. அதனால் வண்டி நேர் ரோட்டில் நண்டு மாதிரி கோணலாகப் போயிருக்கிறது, ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்திருக்கிறது. அளவுத் தாளை மடித்து, அந்தக் காரிலேயே திருப்பி அனுப்பினார்.

அதிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு வண்டிகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. இருவரும் இன்னும் பேசுவதில்லை. ஒரே ஒருமுறை குருமூர்த்தி போன் செய்து, முந்தின வண்டியின் அளவில் ஒரு எண் தெளிவாக இல்லை என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, வைப்பதற்கு முன்னால், உங்கள் மெஷின் நல்ல மெஷின் என்று சொன்னாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று பழனிவேல் ஒரு வாரம் யோசித்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அப்படி ஒரு வண்டி வந்தது. சீட்டில், பின் அச்சு கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேல் இடப்பக்கம் திரும்பியிருக்கும் என்று எழுதியிருந்தது. பழனிவேல் வண்டியை எடுத்துக்கொண்டு பேரளிவரை போய் வந்தார். ஒரு காகிதத்தில் தன் கணக்காக அரை டிகிரி என்று எழுதி என்னிடம் கொடுத்தார். பிறகு மெஷினில் ஏற்றினார். திரை 0.28 என்று காட்டியது.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் வயிறு எரிகிறதா என்று கேட்டேன்.

"எரியுது சார்" என்றார். "முன்னெல்லாம் அவன் தப்பாயிடணும்னு எரிஞ்சுச்சு. இப்ப அந்த கால் டிகிரி எனக்கு ஏன் தெரியலன்னு எரியுது."

என்னிடம் கொடுத்திருந்த காகிதத்தை வாங்கிக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். வண்டிக்காரரிடம் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் காரை மறுபடி எடுத்துக்கொண்டு அரியலூர் ரோட்டுப் பக்கம் திரும்பினார்.